இரண்டடித் தொட்டியில் எத்தனை கடல் மீன்?

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, ஒருத்தன் வெல்டிங் பற்றி எழுதுகிறேன் என்றான், இன்னொருத்தன் ரோபோ என்றான். நான் "கடல் மீன் தொட்டி" என்றேன். வகுப்பே சிரித்தது. "அம்பத்தூர்ல ஏதுடா கடல்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை நாலாயிரத்து இருநூறு ரூபாயும் ஏழு உயிர்களும். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். யாருக்காவது உதவும் என்ற நம்பிக்கை.

நடந்தது என்ன?

என் அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஆபரேட்டர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான் முதல். படிப்புச் செலவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய் மீன் தொட்டி கழுவிக் கொடுப்பேன். எல்லாம் நல்ல தண்ணி மீன்கள். கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், கப்பி இவைதான். அதில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கும் உண்டு.

ஒரு நாள் டாக்டர், "தம்பி, கடல் மீன் வெக்க முடியுமா? பசங்க வந்தா 'நீமோ' எங்கேன்னு கேக்குறாங்க" என்றார். 2003-ல் வந்த அந்தக் கார்ட்டூன் படம் இன்னும் பிள்ளைகளை விடவில்லை. "முடியும் சார்" என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்று சொல்ல வெட்கம். இரண்டடி நீளத் தொட்டி வாங்கினார். மீனுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் என் கையில் கொடுத்தார்.

தொட்டியில் உப்புத் தண்ணி கலந்து ஊற்றிய மறுநாளே போய், ஒரே நடையில் எல்லாம் வாங்கி வந்தேன். ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் இரண்டு, நீல டாம்செல் இரண்டு, மஞ்சள் வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று, நீல டேங் குட்டி ஒன்று, வேலைப்பாடுள்ள பெரிய நத்தை ஒன்று. அதற்கு மேல் பூ மாதிரி விரியும் கடல் அனிமோன் ஒன்று. அன்று சாயங்காலம் கிளினிக்கில் கூட்டம் தொட்டியைச் சுற்றி நின்றது. நான் ராஜா மாதிரி நின்றேன்.

மூன்றாம் நாள் வண்ணத்துப்பூச்சி மீன் இரை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அனிமோன் சுருங்கிக் கரைந்தது, தண்ணி பால் கலந்த மாதிரி ஆனது. ஒன்பதாம் நாள் மிஞ்சியது ஒரே ஒரு நீல டாம்செல். டாக்டர் திட்டவில்லை. "தம்பி, பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி நாங்க எக்ஸ்ரே எடுப்போம். நீ எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் அம்மா கேட்டதுதான் இன்னும் குத்துகிறது: "உயிர வெச்சாடா கத்துக்குவே?"

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, எட்டு ஞாயிறு அப்பாவோடு பட்டறைக்குப் போனேன். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. புது மெஷின் ஒன்று வந்து இறங்கியிருந்தது. ஆனால் ஏற்றவில்லை. அடியில் போட்ட கான்கிரீட்டுக்குத் தினமும் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "ஃபவுண்டேஷன் க்யூர் ஆகாம மெஷின ஏத்துனா, ஒரே மாசத்துல அலைன்மெண்ட் போயிடும்டா" என்றார் அப்பா. நான் க்யூர் ஆகாத தண்ணியில் மீனை ஏற்றியிருக்கிறேன்!

முதல் பாடம்: மீனுக்கு முன் பாக்டீரியா

மீனின் கழிவிலிருந்தும், செவுள் வழியாகவும், மிச்ச இரையிலிருந்தும் அமோனியா வருகிறது. அது விஷம். கடலில் அது கரைந்து போகும். தொட்டியில் எங்கே போகும்? கண்ணுக்குத் தெரியாத ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாற்றினால் குறைந்துவிடும். இந்த இரண்டு வகையும் தொட்டியில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அது வெறும் உப்புத் தண்ணி, கடல் அல்ல.

நல்ல தண்ணித் தொட்டியில் இப்படி அவசரப்பட்டும் தப்பித்திருக்கிறேனே, இங்கே ஏன் முடியவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, பி.எச். கடல் தண்ணியின் பி.எச். சுமார் 8.1 முதல் 8.4 வரை. பி.எச். ஏழில் இருக்கும்போது அமோனியாவின் பெரும்பகுதி அம்மோனியமாக இருக்கும், மீனை அவ்வளவாகத் தாக்காது. 8.2-க்கு வந்தால் விஷமான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. அதே அளவு கழிவு, பத்து மடங்கு விஷம்!

இரண்டு, ஆக்சிஜன். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணி சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடல் தண்ணி சுமார் 6.2 தான் பிடிக்கும். ஆகவே கப்பித் தொட்டியின் கணக்கை இங்கே போடக்கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். தொட்டி, மணல், ஃபில்டர் எல்லாம் ஓடவிட்டு, சுண்டுவிரல் நுனி அளவு உரித்த இறாலைத் துணியில் கட்டிப் போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. கடையில் கிடைக்கும் சோதனை மருந்தால் வாரம் இருமுறை பாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் கடைக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டாம் பாடம்: தண்ணீர்

1909-ல் சென்னை மெரினாவில் பொதுமக்களுக்கு ஒரு கடல் மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதல். அதை மூடி வெகுகாலம் ஆகிறது. அவர்களுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. நமக்கு ஆவடி லோக்கலில் ஏறி பீச் ஸ்டேஷன் போனால்தான் கடல் வாடையே வரும். போய்க் கேனில் பிடித்து வரலாம் என்று நானும் நினைத்தேன். வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கும் இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணூர் பக்கம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மழைக்காலத்தில் கரையோரக் கடலில் உப்பும் குறைந்துவிடும்.

அக்வேரியத்துக்கென்றே விற்கும் கடல் உப்புத்தூளை வாங்கிக் கலப்பதே நல்லது. சமையல் உப்பு ஆகாது. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்திருக்கிறது. கலக்க போர் தண்ணி வேண்டாம். எங்கள் தெரு போர் தண்ணியில் டி.டி.எஸ். மீட்டர் 1,100 காட்டியது, ஆர்.ஓ. கேன் தண்ணியில் 60. கேன் தண்ணிதான் நல்லது. மெட்ரோ தண்ணி என்றால் குளோரின் போக மருந்து விட வேண்டும்.

இப்போது நம் படிப்புக்கு வருவோம். தொட்டி 60 செ.மீ. நீளம், 30 அகலம், தண்ணி நிற்கும் உயரம் 33. பெருக்கினால் 59 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மணலும் கற்களும் பிடிக்கும் இடம் போக, உண்மையான தண்ணி 50 லிட்டர். கடலில் ஒரு கிலோ தண்ணிக்குச் சராசரி 35 கிராம் உப்பு. ஆக 50 லிட்டருக்கு 1,750 கிராம். தூளில் ஈரம் இருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, அளந்து சரி செய்ய வேண்டும்.

அளக்க என்ன? முதலில் நான் தெருமுனை பேட்டரிக் கடை அண்ணனிடம் ஹைட்ரோமீட்டர் வாங்கிப் போட்டேன். மிதவை அப்படியே மூழ்கிவிட்டது. அதன் அளவுகோல் 1.100-ல் ஆரம்பிக்கிறது, கடல் தண்ணியின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரைதான். ஆகவே அக்வேரியம் ஹைட்ரோமீட்டரோ ரிஃப்ராக்டோமீட்டரோ தேவை. சூடு ஏறினால் தண்ணி விரிந்து அளவு குறைவாகக் காட்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். கருவியில் எந்த வெப்பநிலை போட்டிருக்கிறது என்று பார்த்துப் படியுங்கள்.

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. தண்ணி ஆவியாகிக் குறைந்தால் உப்புத் தண்ணியையே ஊற்றுவார்கள். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. 5 லிட்டர் குறைந்தால் மீதி 45 லிட்டரில் அதே 1,750 கிராம். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 39 கிராம். அதில் 5 லிட்டர் உப்புத் தண்ணி ஊற்றினால் மொத்த உப்பு 1,925 கிராம், லிட்டருக்கு 38.5. இப்படியே நாலு தடவை செய்தால் மீன் ஊறுகாய்தான். குறைந்ததற்கு நல்ல தண்ணி. எடுத்து மாற்றும் தண்ணிக்கு மட்டும் உப்புத் தண்ணி.

அடுத்து வெயில். இந்த மீன்களுக்கு 25 முதல் 28 டிகிரி சுகம். மே மாதத்தில் நம் பக்கம் ஷீட் கூரைக்கடியில் தொட்டித் தண்ணி 32-ஐத் தாண்டுகிறது. சில்லர் வாங்க நம்மால் முடியாது. சின்ன ஃபேன் ஒன்றைத் தண்ணியின் மேற்பரப்பில் காற்று படும்படி மாட்டினால், ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மண்பானை தத்துவம்தான். அப்போது தண்ணி வேகமாகக் குறையும், தினமும் நல்ல தண்ணி ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் உதவ பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

மூன்றாம் பாடம்: எதை வாங்கக் கூடாது?

தேர்வு என்றால் நல்லதைப் பொறுக்குவது என்று நினைத்திருந்தேன். கடல் தொட்டியில் பாதித் தேர்வு, வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிறது. கடையில் எல்லாமே விரல் நீளக் குட்டியாகத்தான் இருக்கும், எல்லாமே அழகாகத்தான் இருக்கும். விவரம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பையில் கட்டச் சொல்லாதீர்கள்.

1. நீல டேங்: படத்தில் 'டோரி'யாக வருவது. வளர்ந்தால் ஒரு அடி. ஓடித் திரியும் மீன். இரண்டடித் தொட்டி அதற்கு ஜெயில்.

2. வண்ணத்துப்பூச்சி மீன்: பல வகைகளுக்குப் பவளப் பூச்சிகளே உணவு. நாம் போடும் குருணையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. என் தொட்டியில் செத்தது விஷத்தால் மட்டுமல்ல, பட்டினியாலும்தான்.

3. மாண்டரின், க்ளீனர் ராஸ்: முன்னது நாள் முழுக்க கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளைப் பொறுக்கித் தின்பது. பின்னது பெரிய மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்பது. சின்னத் தொட்டியில் இரண்டுக்கும் சோறு இல்லை.

4. சிங்க மீன்: முள்ளில் விஷம். வாயில் நுழையும் எதையும் விழுங்கும்.

5. பெட்டி மீன்: மிரண்டால் உடம்பிலிருந்து விஷம் கக்கி, தொட்டியையே காலி செய்யும்.

6. கடல் அனிமோன்: கோமாளி மீனுக்கு இது இல்லாமல் முடியாது என்பது தவறான நம்பிக்கை. கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்கத்தான் அது வேண்டும். தொட்டியில் எதிரி ஏது? அனிமோனுக்குப் பலமான வெளிச்சமும், பல மாதம் நிலைபெற்ற தண்ணியும் வேண்டும். செத்தால் தன்னோடு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகும்.

நான்காம் பாடம்: சட்டம்

இரண்டாம் முறை மீன் பார்க்க அலைந்தபோது ஒருவர் மெதுவாக என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு, ஒரு பையைக் காட்டினார். ஈரமான உயிர்ப் பவளத் துண்டு. பச்சையும் பழுப்புமாக, அவ்வளவு அழகு. "இருநூறு குறைச்சுத் தரேன், ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்றார். கையில் வாங்கிப் பார்த்தேன். கையிலிருந்த காசை மனதுக்குள் எண்ணியும் விட்டேன். பொய் சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு பயம், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கும் சாரிடம் கேட்டேன். அவர் சொன்ன பிறகுதான் நடுங்கியது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றைச் சேர்த்தார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை! 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் பவளத்துக்கும் கடல் குதிரைக்கும் பாதுகாப்பு தொடர்கிறது. முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்துக் காய்ந்த பவளமும் இதில் வரும். 'உயிர்ப் பாறை' என்று விற்பதும் பெரும்பாலும் பவளத் துண்டுதான்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. இரண்டு ஏற்கெனவே நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986-ல் அதை கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவைச் சுற்றியிருக்கும் பவளப்பாறைதான் அலையைத் தடுக்கிறது, மீன் குஞ்சுகளுக்கு வீடாக இருக்கிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி அங்கே பவளங்கள் வெளுத்துப் போயின. கடலிலேயே சூடு தாங்காத பவளம், ஷீட் கூரைக்கடியில் பிழைக்குமா? அங்கிருந்து ஒரு துண்டை உடைத்து இங்கே கொண்டுவந்து சாகடிக்க நமக்கு என்ன உரிமை?

பாறைக்குப் பதில் நான் வைத்தது உடைந்த மண்சட்டி ஓடுகள். பெயிண்டும் மெருகும் இல்லாததாகப் பார்த்து, கழுவிக் காயவைத்து, குகை மாதிரி அடுக்கினேன். நுண்துளை நிறைய இருப்பதால் பாக்டீரியா நன்றாகக் குடியேறுகிறது. ஃபில்டருக்குள் பீங்கான் வளையமும், கழுவிய கிளிஞ்சலும். கிளிஞ்சலில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் பி.எச். இறங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை: தண்ணி படும் இடத்தில் பித்தளை வால்வும் தாமிரக் கம்பியும் கூடவே கூடாது. தாமிரம் கரைந்தால் இறாலும் நத்தையும் பிழைக்காது. வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றிலும் தாமிரம் உண்டு. அதைத் தனித்தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாம் பாடம்: எதை வாங்கலாம்?

நன்னீர் வண்ண மீன்களில் மிகப் பெரும்பாலானவை பண்ணையில் வளர்ந்தவை. நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வில்லிவாக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கொளத்தூர் போய்ப் பாருங்கள். வீட்டு மாடியிலும் பின்கட்டிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்து, அதில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் எத்தனையோ. கடல் மீன் அப்படியல்ல. மிகப் பெரும்பாலானவை கடலில் பிடித்தவை. பிடித்து, பையில் கட்டி, கை மாறி மாறி நம்மிடம் வருவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. பிலிப்பைன்ஸில் 1960-களிலிருந்து சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்த கதையும் உண்டு.

ஆனால் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீனிலும் டாம்செல்லிலும் பத்துக்கும் மேற்பட்ட வகைகளுக்கு இனப்பெருக்க முறையை உருவாக்கியிருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் வேலை செய்தது. ஆகவே கடையில் முதல் கேள்வி, "அண்ணே, இது பிடிச்சதா, வளர்த்ததா?" வளர்த்தது என்றால் குருணை இரையை உடனே எடுக்கும், தொட்டிக்குப் பழகியது, கடலுக்கும் நஷ்டம் இல்லை.

கோமாளி மீனில் ஒரு அதிசயம்: பிறக்கும்போது எல்லாமே ஆண் தன்மை உள்ளவை. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அதற்கடுத்தது அதன் ஜோடியாகும். பெண் செத்தால் ஜோடி ஆண் பெண்ணாக மாறிவிடும். எனவே ஆண் எது பெண் எது என்று கடைக்காரரைக் கேட்டு நச்சரிக்க வேண்டாம். சின்ன வயதில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று இரண்டு எடுத்தால் போதும். மூன்றாவது வேண்டாம், அடித்துக் கொல்லும். ஆசெல்லாரிஸ் என்ற சிறிய வகையைக் கேளுங்கள். நம் கடலின் செபே வகை அழகுதான், ஆனால் பெரிதாக வளரும்.

50 லிட்டர் தண்ணிக்கு என் பட்டியல் இவ்வளவுதான்:

பாசி தின்னும் சிறு நத்தைகள் மூன்று. சங்குக்குள் குடியிருக்கும் சிறு துறவி நண்டுகள் இரண்டு. மணலில் புரளும் சிறிய உளுவை வகை மீன் ஒன்று. கோமாளி மீன் ஒரு ஜோடி. மூன்று மாதம் கழித்து, எல்லாம் சரியாக இருந்தால், க்ளீனர் இறால் ஒன்று.

இந்த வரிசையிலேயே விட வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இரண்டு மூன்று வாரம் இடைவெளி. ஏன் வரிசை? அதிலும் நான் தப்பு செய்தேன். முதல் தடவை தப்பிப் பிழைத்த அந்த ஒற்றை டாம்செல்லை ஆறு வாரமும் தொட்டியிலேயே விட்டிருந்தேன். பாவம், அது எல்லாவற்றையும் தாங்கியது. ஆனால் கோமாளி ஜோடியை விட்டபோது அது வீட்டுக்காரன் மாதிரி துரத்தித் துரத்திக் கடித்தது. ஓடுகளை மாற்றி அடுக்கியும் அடங்கவில்லை. கடைசியில் கடையில் திருப்பிக் கொடுத்து, பதிலுக்கு நத்தைகள் வாங்கி வந்தேன். பிறகு உளுவையை விட்டேன். இப்போது கோமாளிகள் வீட்டுக்காரர்கள்! உளுவை இரண்டு வாரம் ஓட்டுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை. சாதுவானது முதலில், சண்டைக்காரன் கடைசியில். இதுதான் விதி.

கடையில் பார்க்க வேண்டியவை

1. இரை போடச் சொல்லுங்கள். கண் முன்னால் சாப்பிடாத மீன் வேண்டாம்.

2. வயிறு ஒட்டி, முதுகு கத்தி மாதிரி இருந்தால் பட்டினி கிடந்தது என்று அர்த்தம்.

3. கண் தெளிவாக, துடுப்பு கிழியாமல் இருக்க வேண்டும். உப்பு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்தத் தொட்டியில் எதையுமே வாங்காதீர்கள்.

4. மேலே வந்து வேகமாக மூச்சு வாங்கும் மீன் வேண்டாம்.

5. வந்த அன்றே வாங்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் நன்றாக இருந்தால் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் தனி வாளியிலோ சின்னத் தொட்டியிலோ நாலு வாரம் வைத்துப் பார்ப்பது நல்லது. தண்ணிக்குப் பழக்க ஒரு சுலப வழி: மெடிக்கல் ஷாப்பில் புதிதாக ஒரு சலைன் ட்யூப் வாங்குங்கள். தொட்டித் தண்ணியை அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக மீன் இருக்கும் பாத்திரத்தில் விடுங்கள். உருளையைத் திருகி வேகத்தைக் குறைக்கலாம். ஒரு மணி நேரத்தில் உப்பும் சூடும் சமமாகிவிடும். கடைத் தண்ணியைத் தொட்டியில் ஊற்றாமல், மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

இரை தினம் இருவேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. வாரம் 5 லிட்டர் தண்ணி மாற்றம். மேலே மூடி அல்லது வலை கட்டாயம்; சில மீன்கள் ராத்திரியில் குதித்துவிடும்.

முடிவுரை

டாக்டர் என் பணத்தை வாங்கவில்லை. "அதுலயே மீன் வாங்கிக்கோ, ஆனா இந்த தடவ எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்கு" என்றார். தொட்டி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், "தம்பி, பாதி இடம் காலியா இருக்கே, இன்னும் ரெண்டு போடலாமா?" என்று கேட்டார். முன்பு என்றால் "சரி சார்" என்றிருப்பேன். இந்த முறை லிட்டர் கணக்கும் ஆக்சிஜன் கணக்கும் பேப்பரில் போட்டுக் காட்டி, "முடியாது சார்" என்றேன். தெரியாததைத் தெரியும் என்று சொன்னதால் ஏழு உயிர் போனது. தெரிந்ததைத் தைரியமாகச் சொல்லவும் படிப்புதான் கற்றுக்கொடுத்தது.

போன மாதம் அம்மாவுக்குப் பல்வலி. கிளினிக்குக் கூட்டிப் போனேன். காத்திருந்த நேரம் முழுக்கத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமாளி ஜோடி சட்டி ஓட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. உளுவை மணலை வாயால் அள்ளித் துப்பிக்கொண்டிருந்தது.

"ஏழு மாசம் ஆச்சே, இதுங்க புதுசாடா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, அதே மீனுங்கதான்."

அம்மா வேறொன்றும் கேட்கவில்லை.